மருந்தடிக்காத நாலு பாத்தி

வயலில் புழு விழக்கூடாது என்று வேண்டிக்கொள்ளாத விவசாயி கிடையாது. புழு விழ வேண்டும் என்று கையேந்தி துஆ கேட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. செடிக்கு நாலு, கொழுகொழுவென்று, நல்ல பசியோடு வேண்டும் என்று கேட்டேன். கேட்டது கிடைத்தது. கிடைத்ததை வைத்து நான் அடித்த கூத்தைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் எந்தப் பெருநாள் பந்தியும் முடிவதில்லை. சமீபத்தில் என் மகள் பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டாளாம். மற்றவர்கள் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை.

செல்போனில் பாம்பு கேம் விளையாடுவதே பெரிய பொழுதுபோக்காக இருந்த காலம் அது. நான் பழவேற்காட்டுக்காரன். வாப்பாவுக்குக் கடைத்தெருவில் வலை, நைலான் கயிறு, மிதவை விற்கிற கடை. ஒரே மகன் நான்தான் என்பதால், விலங்கியல் படித்துவிட்டுக் கடையில் வந்து உட்காருவேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். (விலங்கியலுக்கும் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வாப்பா கேட்கவில்லை.) எனக்கோ ஓரிடத்தில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். எதையாவது நோண்டிப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நண்டு வளைக்குள் கையை விட்டவன் நான். என்ன இருந்தது என்பதற்கு விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அந்தப் புத்திதான் என்னைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பூச்சிமருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேலை, வயலில் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில். விஷயத்தை வீட்டில் சொன்னபோது வாப்பா கயிற்றுச் சுருளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மீன் புடிக்கிறவனுக்கு வலை விக்கிறோம். அதுல ஒரு ஞாயம் கீது. நீ இன்னாடா, புழு சாவுதான்னு குந்திக்கினு பாக்கப் போறியா? அதுக்கு ஒரு காலேஜா?"

"ஆராய்ச்சி வாப்பா."

"ஆறு மாசம் டைம் தரேன். அதுக்குள்ள பெர்மனென்ட் பண்ணாங்கன்னா நீ போய்க்கினே இரு, நான் கேக்க மாட்டேன். இல்லேன்னா கடைக்கு வந்துரணும். பேச்சே கிடையாது."

வாப்பா பேச்சு மாறாதவர். ஆகவே என் வாழ்க்கை இனி வயலிலா கயிற்றுக்கடையிலா என்பது அந்த ஆறு மாதத்தின் கையில் இருந்தது. ஆறு மாதம் யார் கையில் இருந்தது என்றால், டாக்டர் சார் கையில். (ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பூச்சிகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். எங்கள் பிரிவுக்குத் தலைவர்.) அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "நஸீர், சோயா ட்ரயல் உன் பொறுப்பு. அது நல்லபடியா முடிஞ்சா உன் பெர்மனென்ட் பேப்பர்ல கையெழுத்துப் போடறேன்."

எங்கள் பக்கம் நெல் தெரியும், வேர்க்கடலை தெரியும். சோயா என்றால் பிரியாணிக்கடையில் கறிக்குப் பதிலாகப் போடுகிற உருண்டை என்றுதான் தெரியும். ஆனால் வடக்கே சோயா ஏக்கர் கணக்கில் விளைகிற சீமையிலிருந்து ஒரு மொத்த வியாபாரி, எங்கள் புது மருந்து சோயாவில் புழுவைக் கொல்கிறதா என்று பார்க்க வருவதாக இருந்தார். அங்கே போய்த் தோற்பதற்கு முன்னால் இங்கே ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று கம்பெனியில் முடிவு செய்தார்கள்.

ஆரணிக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக ஒரு கழனியைக் குத்தகைக்குப் பிடித்தோம். (பட்டுப்புடவை ஆரணி இல்லை. பொன்னேரியைத் தாண்டி இருக்கிற எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணி.) கழனி தேவகி அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிப்டுக்குப் போகிறவர். பயிர் பச்சையெல்லாம் அக்கா பார்வையில்தான். வீடு, கழனிக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும்.

சோயாவை விதைத்து, கழனியைப் பதினாறு பாத்தியாகப் பிரித்தேன். மருந்தை மூன்று அளவுகளில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் நாலு பாத்தி. மிச்சமிருக்கிற நாலு பாத்தியில் ஒன்றுமே அடிக்கக்கூடாது. இந்த நாலுதான் சோதனைக்கு உயிர். அடிக்காத பாத்தியைப் புழு மொட்டையடித்தால்தான் அடித்த பாத்தியை மருந்து காப்பாற்றியது என்று சொல்ல முடியும். எல்லாமே பச்சைப்பசேல் என்று இருந்தால், மருந்து நல்ல மருந்தா, புழுவுக்குத்தான் பசி இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அந்த நாலும் ஒரே மூலையில் இருக்கக்கூடாது என்பதால் சீட்டுக் குலுக்கி இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேர்ந்தெடுத்தேன். அடையாளத்துக்குக் குச்சி நட்டு, உம்மாவின் பழைய துப்பட்டியைக் கிழித்து வெள்ளைத் துணி கட்டினேன்.

"அக்கா, வெள்ளைத் துணி கட்டினதுல நாங்க மருந்து அடிக்க மாட்டோம். அத அப்படியே உட்டுரணும்" என்றேன்.

"ஏன் தம்பி?"

"அது அப்படித்தான்க்கா."

'ஏன்' என்ற கேள்வியை வைத்துப் பிழைப்பு நடத்த வந்தவன், ஒரே ஒருவர் என்னிடம் 'ஏன்' என்று கேட்டபோது சொன்ன பதில் இது. அக்கா என் முகத்தை ஒரு தரம் இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார். அந்த இரக்கம் எதற்கு என்று யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

சோயா நன்றாக வளர்ந்தது. புழுதான் வரவில்லை. அந்துப்பூச்சிகளுக்கு அப்படி ஒரு பயிர் ஆரணியில் இருப்பதே தெரியவில்லை போலிருக்கிறது. தினமும் இலை இலையாகப் புரட்டிப் பார்ப்பேன். அப்போதுதான் அந்த துஆவெல்லாம் கேட்டது. டாக்டர் சார் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "எதிரியே இல்லாம எங்கய்யா சண்டை போடறது? போய்ப் புடிச்சுக்கினு வா."

பொதட்டூர்பேட்டை பக்கம் வேர்க்கடலையில் வெட்டுப்புழு விழுந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். சோயாவைத் தின்பதும் அதே புழுதான். கடலை, சோயா, ஆமணக்கு என்று பேதம் பார்க்காது. வரப்பில் நின்ற பெரியவரிடம், "ஐயா, உங்க புழுவைக் கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எடுத்துக்கினு இன்னா நைனா பண்ணுவ?"

"எங்க வயல்ல விடுவோம்."

அவர் பக்கத்துக் கழனியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பக்கத்துக் கழனி என் பங்காளிது. அதுலயும் கீது. ஒண்ணு உடாம எடுத்துக்கினு போ" என்றார்.

புழுக்களைக் கொண்டுவர உம்மாவின் பிரியாணி தேக்சாவை எடுத்துப் போயிருந்தேன். (உம்மாவிடம் கேட்கவில்லை.) கடலை இலையோடு புழுக்களைப் போட்டு, மேலே வெள்ளைத் துணியால் வாய் கட்டி, திருவள்ளூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலையில் தொப்பி, மடியில் தேக்சா. பஸ் முழுக்க என்னைப் பாசத்தோடு பார்த்தது.

"இன்னா பாய், ஊட்டுல விசேஷமா? வாசனையே காணோம்" என்றார் கண்டக்டர்.

"இது சாப்பிடறதுக்கு இல்லண்ணே."

"குடுக்க மனசில்லன்னா உடு. அதுக்கு ஏன் பொய் சொல்ற?" என்று சொல்லியபடியே துணியை விலக்கினார். அதன் பிறகு திருவள்ளூர் வரை எனக்கு மூன்று பேர் உட்காரும் சீட்டில் தனியாக இடம் கிடைத்தது.

அன்று சாயங்காலமே பதினாறு பாத்தியிலும் சமமாக விட்டேன். புழுக்களுக்குச் சோயா பிடித்துப்போயிற்று. சில நாளில் இலைகளில் ஓட்டை விழுந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி விசாரித்தார்கள். பன்னிரண்டு பாத்திக்கும் மருந்து அடித்தோம். இனி அந்த நாலு பாத்தி மொட்டையாக வேண்டியதுதான் பாக்கி.

மொட்டையாகவில்லை. அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

நான் பழவேற்காட்டில் பஸ் ஏறி, கம்பெனியில் கையெழுத்துப் போட்டு, கழனிக்கு வந்து சேரப் பதினோரு மணி ஆகும். வந்து பார்த்தால் மருந்து அடித்த பாத்திகளில் புழு செத்துக் கிடந்தது, சந்தோஷம். அடிக்காத பாத்திகளிலோ புழுவே இல்லை. செத்தது, உயிரோடு இருந்தது, எதுவும் இல்லை. செடிகள் புதுத் துளிர் விட்டு மற்றதைவிட ஜோராக நின்றன. வேறொருவனாக இருந்தால் பயந்திருப்பான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று ஆரணியில் எனக்கு மட்டும் தெரியப்போகிறது என்று தோன்றியது.

துப்பு துலக்கினேன். அந்த நாலு பாத்தியில் மட்டும் செடியைச் சுற்றி மண் கிளறிவிட்டதுபோல் பொலபொலவென்று இருந்தது. மண்புழு அதிகம் என்று முடிவு செய்தேன். அங்கங்கே எச்சம் கிடந்தது. கொக்கு என்று நினைத்தேன். ஒரு செடியடியில் அழகான பழுப்பு இறகு கிடந்தது. அதை எடுத்துக் காது குடைய ஆகும் என்று சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

பிறகு ஒரு கோட்பாடு உருவாக்கினேன். மருந்து அடித்த பாத்தியிலிருந்து வாடை காற்றில் வீசுகிறது. அந்த வாடையிலேயே பக்கத்துப் பாத்திப் புழுவெல்லாம் மிரண்டு ஓடிவிடுகிறது. அதாவது எங்கள் மருந்து, அடிக்காத இடத்திலும் வேலை செய்கிறது!

டாக்டர் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படி நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். துடைத்து முடித்து, "கேள்விப்படாததெல்லாம் பொய்னும் சொல்ல முடியாது. அந்த ஆள் வர்ற அன்னிக்கு நேராப் பார்ப்போம்" என்றார். அவருக்கும் உள்ளுக்குள் குறுகுறுவென்றுதான் இருந்திருக்கிறது.

வடக்கத்தி வியாபாரி வந்த நாளில், அவருக்கு மத்தியானம் ரயில் என்பதால், காலை ஏழரைக்கே கழனிக்கு வந்துவிட்டோம். அவருக்கு இந்தி மட்டும்தான் தெரியும். டாக்டர் சாருக்கு இந்தி தவிர எல்லாம் தெரியும். இருவரும் காரில் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு டிவிஎஸ் 50 வந்து நின்றது. வாப்பா. ஆரணியில் கயிறு கேட்டிருந்தவரைப் பார்க்க வந்தவர், "ஆறு மாசம் இன்னியோட முடியுதே, இன்னாதான் பண்றேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பம்பாய் நைலான் வியாபாரிகளோடு பேசிப் பேசி வாப்பாவுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. டாக்டர் சார் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து மொழிபெயர்ப்பாளர் ஆக்கினார்.

இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு மகனுக்கு அமையாது என்று நினைத்தேன். வெள்ளைத் துணிப் பாத்தி முன்னால் நின்று, கையை நீட்டிக் காற்று வீசும் திசையெல்லாம் காட்டி, என் கோட்பாட்டை விளக்கினேன். வாப்பா வரிக்கு வரி இந்தியில் சொன்னார். அவர் குரலில் லேசாகப் பெருமை தட்டியதை என் காதால் கேட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

வியாபாரி யோசித்துவிட்டு ஏதோ கேட்டார். வாப்பா என்னிடம் திரும்பினார். "பக்கத்துல அடிச்சாலே போதும்னா, விவசாயி பாதிக் கழனிக்குத்தானே மருந்து வாங்குவான், மீதியை நான் யார் தலையில கட்டறதுன்னு கேக்குறாரு."

டாக்டர் சார் முகம் மாறியது. நான் வாயைத் திறப்பதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"பா... பா... பா... பா..."

தேவகி அக்கா. கையில் ஒரு குச்சி. முன்னால் ஒரு கோழிப்படை. பழுப்பும் கறுப்புமாக அவை ரோட்டைத் தாண்டி, வரப்பேறி, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், நேராக வெள்ளைத் துணி கட்டிய பாத்திகளுக்குப் போய்ப் பிரிந்துகொண்டன. ஒன்றுகூட வேறு பாத்திக்குப் போகவில்லை. செடியடியில் மண்ணைச் சீய்த்தன. உள்ளே பதுங்கியிருந்த புழு ஒன்றை என் காலருகே ஒரு கோழி இழுத்து விழுங்கியது.

வியாபாரி கோழியையும் வெள்ளைத் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டர் சார் மெதுவாகக் கேட்டார். "என்னம்மா இது?"

அக்காவுக்கு டாக்டர் சார் யார் என்று தெரியும். குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "சார், இந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்கோ. பாவம், மருந்து பத்தாம நாலு பாத்தியை உட்டுட்ச்சு. ஏன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குது. உங்களாண்ட இன்னும் கொஞ்சம் கேக்க பயந்துக்கினு கீதுன்னு நானே புரிஞ்சுக்கினேன். எனக்கும் ரோட்டோரக் கழனி சார். போறவன் வர்றவன்லாம் 'இன்னா தேவகி, புழுவுக்கு விருந்து வெக்கிறியா'ன்னு கேக்குறான். பேஜாரா போச்சு. அதான் காலம்பற கோழிய ஓட்டியாந்து உடறேன். மருந்து அடிச்சதுல கால வெக்க உடமாட்டேன் சார், குச்சியோட நிக்கிறேன். வெள்ளைத் துணியில மட்டுந்தான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். என் குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது.

"சொன்னா நீ சங்கடப்படுவியே தம்பி."

வியாபாரி வாப்பாவின் தோளைத் தட்டி என்ன என்று கேட்டார். வாப்பா சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வாப்பா கடையில் சிரித்து நான் பார்த்ததில்லை. வரப்பில் நின்று, கண்ணில் தண்ணீர் வர, 'முர்கி, முர்கி' என்று சொல்லிச் சொல்லி, மகனின் மானத்தை முழுசாக இந்தியில் மொழிபெயர்த்தார். வியாபாரி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு கோழியைக் காட்டி, இந்த மருந்து லிட்டர் என்ன விலை என்று கேட்டார்.

டாக்டர் சார் மட்டும் சிரிக்கவில்லை. என் அருகில் வந்து சட்டைப்பையிலிருந்து அந்த இறகை உருவி எடுத்தார். "இது என்னய்யா?"

"காது குடைய சார்."

"இதை எங்க எடுத்த?"

நான் வெள்ளைத் துணிப் பாத்தியைக் காட்டினேன். அவர் இறகை மறுபடி என் பையிலேயே செருகிவிட்டு, "இந்த ட்ரயல் செல்லாது. அடுத்த போகம் திரும்பப் போடணும். உன் பேப்பர் அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த போகம் வரைக்கும் எனக்கு ஏது நேரம்? ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. வாப்பா என்னை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டார். கயிற்று வாசனை இப்போதே மூக்கில் அடித்தது. 

பொன்னேரி தாண்டியதும் வாப்பா தலையைத் திருப்பாமலே கேட்டார். "டேய், அந்த மத்த பாத்தியில புழு செத்துக் கெடந்துச்சே. அது மருந்து மேல பட்டா சாவுதா, இல்ல இலையைத் தின்னா சாவுதா?"

"ரெண்டும்தான் வாப்பா. தின்னா சீக்கிரம்."

"பகல்ல அது ஏன் மண்ணுக்குள்ள போவுது?"

"வெயிலுக்கும் காக்காவுக்கும் பயந்து."

"கோழிக்கு மட்டும் எப்படித் தெரியுது, உள்ள கீதுன்னு?"

"அத கோழியைத்தான் கேக்கணும் வாப்பா" என்றேன். வாப்பா ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். டீயை ஆற வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். முட்டை எங்கே போடும், எத்தனை முறை சட்டை உரிக்கும், பெட்டைப் பூச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது. நண்டு வளையில் கை விடுகிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவர்மேல் பொங்கிக்கொண்டு பாசம் வந்தது.

பழவேற்காடு கடைத்தெரு வந்தது. வண்டி கடை வாசலில் நிற்கவில்லை. நேராக வீட்டுக்குப் போயிற்று.

"வாப்பா, ஆறு மாசம் முடிஞ்சுபோச்சே" என்றேன்.

"கோழி பூந்துட்டா செல்லாதுன்னு உங்க டாக்டர்தானே சொன்னாரு? அப்ப இந்த ஆறு மாசமும் செல்லாது. திரும்பப் போடு" என்றார்.

அடுத்த போகத்தில் முதல் வேலையாகத் தேவகி அக்காவிடம் அந்த நாலு பாத்தியைப் பற்றி உட்கார்ந்து பேசினேன். "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்று திட்டிவிட்டுக் கோழிகள்மேல் கூடையைக் கவிழ்த்தார். ஆனால் ரோட்டுப் பக்கம் நெடுக நாலு பழைய புடவையைக் கட்டி மறைத்துவிட்டார். புழு தின்கிற கழனியை ஊர் பார்ப்பதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. நாலு பாத்தியும் அம்சமாக மொட்டையானது. டாக்டர் சார் கையெழுத்துப் போட்டார். இன்றுவரை புழுவை நம்பித்தான் என் குடும்பம் நடக்கிறது.

ஆனால் வீட்டில் எனக்கு மரியாதை அன்றோடு போயிற்று. நான் எதையாவது கண்டுபிடித்ததாகச் சொல்ல ஆரம்பித்தால், ஃபிரிட்ஜ் ஏன் சத்தம் போடுகிறது, மகளுக்கு ஏன் கணக்கு வரவில்லை, எதுவானாலும் சரி, எங்கிருந்தாவது "பா... பா... பா..." என்று ஒரு குரல் வரும். தேக்சா விஷயம் தெரிந்த பிறகு உம்மாவின் குரல்தான் அதில் உரக்கக் கேட்கும்.

வாப்பாவுக்கு இப்போது சர்க்கரை. டாக்டர் (இவர் ஊசி போடுகிறவர்) மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வாப்பா தொடமாட்டேன் என்கிறார். "எனக்கு வெள்ளைத் துணி கட்டிருங்க. ஊர்ல எல்லாரும் மாத்திரை போட்டா, போடாதவன் எப்படி கீறான்னு எவன் பாக்கறது?" என்று வாதம். உம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்துக் கேட்டுவிட்டு வந்து, தினமும் காலையில் மாத்திரையைப் பொடி பண்ணி அவர் கஞ்சியில் கலந்துவிடுகிறார். எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் மகளுக்கும் தெரியும்.

போன மாதம் பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. வாப்பா கூடத்தில் உட்கார்ந்து, கையை நீட்டிக் காற்று வரும் திசையைக் காட்டி, எல்லோருக்கும் விளக்கினார். மாத்திரையே போடவில்லையாம். சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கும்போது அடிக்கிற உப்புக் காற்று இருக்கிறதே, அது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொண்டு போய்விடுகிறதாம்.

அடுப்படியிலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. "பா... பா... பா... பா..."

வாப்பா பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நீ இன்னாடா கண்டுபுடிச்ச இப்ப?"